களிமண் சட்டியும் கண்ணாடித் தரையும்

சென்னை கொளத்தூரில் மீன் குஞ்சு எடுக்கிறவர்கள் வீட்டில் அழகான தொட்டி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. மொட்டை மாடியில், கொல்லையில், மாடிப்படிக்கு அடியில் என்று வரிசை வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். ஒன்றின் அடியிலும் ஒரு பிடி மணல் இருக்காது. கலர் கல், வாயைத் திறந்து மூடும் சிப்பி, குமிழி விடும் பொம்மை எல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கு. தொழில் செய்கிறவர் தொட்டியில் வெறும் கண்ணாடி, மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு வரும் காற்றுக்குழாய், அவ்வளவுதான்.

அப்பா அங்கேதான் பழகினார். அவருக்குச் சோறு போட்டது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1961-ல் தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியே விட்ட ஆலை. ஷிஃப்ட் முடிந்து சேக்காட்டு வீட்டுக்கு வந்தால் மீதிப் பொழுது மீனுக்கு. முதலில் மூர் மார்க்கெட்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். 1985-ல் அது தீப்பிடித்து எரிந்துபோனது. இன்றும் எங்கள் ஊர் மின்சார ரயில் போய் நிற்கிற முனையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். அங்கே இறங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒரு காலத்தில் கிளியும் முயலும் கப்பி மீனும் விற்ற இடம் என்று தெரியும்? தீ விபத்துக்குப் பிறகு அப்பா சென்ட்ரல் வரைக்கும் போவதை விட்டுவிட்டார். இந்துக் கல்லூரி நிலையத்தில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது மீன் பையை நான்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“அடி தெரியணும் தம்பி” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்பா வாடிக்கையாக மீன் வாங்கிய அண்ணன். தின்னாமல் விட்ட புழு எங்கே கிடக்கிறது, எந்த மீனின் கழிவு வெள்ளை நூலாகப் போகிறது, எந்தக் குஞ்சு அடியில் படுத்துவிட்டது, எல்லாம் கண்ணாடித் தரையில் பளிச்சென்று தெரியும். காலையில் ஒரு ஹோஸை வைத்து உறிஞ்சி எடுத்தால் தொட்டி சுத்தம். மணல் போட்டால் எல்லாம் அதன் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும், அங்கேயே அழுகும். அழுகினால் அமோனியா. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காரத்தன்மை உள்ள கடினநீர். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிவிடும். காரமும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியாவில் விஷமான பங்கு கூடும் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அண்ணன் படிக்கவில்லை. “வெயில் காலத்துல புழுவை எண்ணிப் போடு” என்பார். அவ்வளவுதான் அவர் வேதியியல். அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்களுக்கு மணல் இல்லாத தொட்டியில் முக்கியமான இடம் அந்த ஸ்பாஞ்ச்தான். அதனால்தான் அவர் அதைக் குழாய்த் தண்ணீரில் அலசவே விடமாட்டார். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒரு பிழி, திரும்ப உள்ளே.

எங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படியொரு தொட்டிதான் இருந்தது. ஏஞ்சல் மீன்கள் அதில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. “ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு” என்பாள். அம்மாவுக்கு ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்தவள். தண்ணீர் என்றால் அதில் ஏதாவது முளைத்திருக்க வேண்டும் அவளுக்கு.

சட்டியில் செடி வைக்கிற யோசனை அவளுடையது. சேக்காட்டு ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்த ஒரு மாசியில் கரையோரச் சேற்றில் கைவிட்டுத் துழாவி, கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று கிழங்கு எடுத்து வந்தாள். கொட்டிக்கிழங்கு. சின்ன வயதில் அதைச் சுட்டுத் தின்றிருக்கிறாளாம். ஔவையாரின் மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்ந்து வருகிற அந்தக் கொட்டிதான்; குளம் வற்றினாலும் கூடவே கிடக்கிற உறவுக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த செடி எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. தாவரவியல்காரர்கள் அதை அப்போனோஜீட்டான் என்பார்கள். வெளிநாட்டில் அதே குடும்பத்துக் கிழங்குகளை மீன் தொட்டிக்கென்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள்.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தொட்டிக்குள் மண் வரக் கூடாது. அம்மா வாதாடவில்லை. கார்த்திகைக்கு வாங்கி மீந்துபோன மண்சட்டி ஒன்றை எடுத்தாள். அடியில் அதே ஏரிக் களிமண்ணைப் பிசைந்து அழுத்தினாள், அதன்மேல் இரண்டு விரற்கடை ஆற்றுமணல், மணலுக்கு மேல் கழுவிய பொடிக் கூழாங்கல். கிழங்கின் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, குமிழி வருவது நின்ற பிறகு, சட்டியைச் சாய்க்காமல் தொட்டியின் பின்மூலையில் இறக்கினாள். தண்ணீர் கலங்கவில்லை. “மண்ணு தொட்டியில இல்ல, சட்டியிலதான் இருக்கு” என்றாள். அப்பாவால் மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை அவர் ஹோஸோடு வந்து, சட்டியை ஒரு கையால் தூக்கி, அதன் அடியில் ஒதுங்கியிருந்த கழிவை உறிஞ்சிவிட்டு, அதே இடத்தில் வைத்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு அசைவில் விஷயம் முடிந்துபோனது. வெறுந்தரையின் வசதி அப்படியே இருந்தது, செடியும் இருந்தது.

கொட்டி முதலில் நாடா போன்ற இலைகளைத் தண்ணீருக்குள்ளேயே விட்டது. பிறகு நீளக் காம்போடு மிதக்கும் இலைகள், பிறகு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு பூங்கதிர். சில மாதங்கள் கழித்து இலையெல்லாம் கரைந்து, கிழங்கு மட்டும் மிஞ்சியது. நான் செத்துவிட்டது என்றேன். “தூங்குது, விடு” என்றாள் அம்மா. சட்டியோடு எடுத்துத் துளசி மாடத்துக்குப் பின்னால் நிழலில் ஈரம் காயாமல் வைத்தாள். ஏரி வற்றும்போது அது சேற்றுக்குள் செய்கிற வேலையைத்தான் இங்கேயும் செய்தது. மணல் பரப்பிய தொட்டியாக இருந்தால் இப்படி எடுத்து வைப்பது நடக்குமா? கிழங்கைத் தோண்டப் போய் மொத்தத் தரையையும் கலக்கிவிட்டிருப்போம்.

அதற்குப் பிறகு அப்பாவே செடி வாங்க ஆரம்பித்தார் என்பதுதான் வேடிக்கை. வாலிஸ்னேரியா எங்கள் தண்ணீருக்கென்றே படைத்த மாதிரி வளர்ந்தது. கரைந்திருக்கும் கரியமில வாயு போதாத கடினநீரில் அது பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும். அதற்கு அடையாளம் இலையில் தெரியும்: நல்ல வெயில் படுகிற ஜன்னலோரத் தொட்டியில் இலைமேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் படிந்து, தடவினால் சொரசொரக்கும். ஆனால் அதற்குச் சட்டி பிடிக்காது. ஓடுதண்டு விட்டு விட்டுச் சட்டியின் விளிம்பைத் தாண்டி, கண்ணாடித் தரைமேல் வேர் ஊன்ற இடம் தேடித் தவழும். அந்தக் குட்டிகளை வெட்டி அடுத்த சட்டியில் வைப்போம்; சட்டிகள் பெருகிக்கொண்டே போயின. கிரிப்டோகோரைன் நேர் எதிர். இலங்கை ஓடைகளிலிருந்து உலகமெங்கும் போன வெண்டி, பெக்கெட்டி வகைகள் கொளத்தூரிலும் கிடைக்கும். நம் தென்னிந்திய ஆறுகளிலும் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. வேரைத் தொந்தரவு செய்தால் ஒரே வாரத்தில் இலை முழுக்கக் கூழாகிவிடும் குணம் அதற்கு. சட்டியோடு நகர்த்தினால் தொட்டி மாறியதே அதற்குத் தெரியாது. அனுபியாசும் ஜாவா ஃபெர்னும் சட்டியே கேட்கவில்லை. அவற்றின் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டில் தையல் நூலால் கட்டி வைத்தோம். நூல் மக்குவதற்குள் வேர் ஓட்டைப் பிடித்துக்கொண்டது.

அமேசான் வாள்செடி வந்த பிறகுதான் கதை சூடு பிடித்தது. அதன் அகலமான இலையை ஏஞ்சல் ஜோடி ஒன்று பார்த்துவிட்டது. கொளத்தூரில் ஏஞ்சல் முட்டையிடக் கடப்பைக்கல் துண்டையோ பிளாஸ்டிக் குழாயையோ சாய்த்து வைப்பார்கள். எங்கள் ஜோடி இலையை ஒரு நாள் முழுக்க வாயால் கொத்திச் சுத்தம் செய்து, வரிசை பிசகாமல் முட்டை ஒட்டியது. மற்ற மீன்கள் தின்றுவிடும். அப்பா ஒரு பெரிய வாளியைத் தொட்டிக்குள் முக்கி, சட்டியைத் தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றி, முட்டை காற்றைப் பார்க்காமல் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோனார். வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டரை நாள் வாக்கில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் இலையில் வாலாட்டிக்கொண்டு தொங்கின. பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் புளூ ஊற்றுவது வழக்கம். செடிக்கு அது ஆகாது என்று அப்பா ஊற்றவில்லை. கொஞ்சம் முட்டை வெளுத்துப் போனது. மிச்சம் பிழைத்தது. அந்தச் செய்தியைக் கேட்ட கொளத்தூர் அண்ணன் சிரித்தார். “குழாய் இருக்க இலை எதுக்கு சார்? குழாய்க்கு எரு போட வேணாம்.”

எரு என்று அவர் விளையாட்டாகச் சொன்னதில்தான் இந்த முறையின் சிக்கலே இருந்தது. மணல் பரப்பிய தொட்டியில் மீனின் கழிவு அடியில் இறங்கி வேருக்கு உணவாகும். நாங்களோ தினமும் அதை உறிஞ்சி எடுத்துக் கொல்லையில் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம். கறிவேப்பிலை செழித்தது. வாள்செடியின் புது இலை வெளிறியது, பழைய இலையில் ஓட்டை விழுந்தது. ஒரு சட்டி மண் எத்தனை மாதத்துக்குச் சோறு போடும்? அதன் வேர் சட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வந்து, கண்ணாடிமேல் வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அப்பா ஹோஸ் வைக்கும்போதெல்லாம் அது வழியில் வரும்.

தீர்வு வாளியில் இருந்தது. உறிஞ்சிய தண்ணீரை உடனே கொட்டாமல் கொஞ்ச நேரம் தெளியவிட்டால் அடியில் பழுப்பு நிறச் சேறு தங்கும். அதைக் களிமண்ணோடு பிசைந்து, சின்ன உருண்டைகளாக உருட்டி, வெயிலில் காயவைத்து, விரலால் சட்டிக்குள் வேரருகே ஆழ அமுக்குவோம். களிமண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரில் கரைய விடாது. புதைந்த மண்ணில் பிராணவாயு குறையும்போது அதிலுள்ள இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் சட்டி உள்ளே கறுத்து, குத்தினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வரும். வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு சட்டியையும் குத்திப் பார்ப்பது என் வேலை. பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அந்த நாற்றம் கையில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்கப் போகாது.

பிற்பாடு புத்தகங்களில் பார்த்தேன்: மண்ணும் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பது பழைய சங்கதி. 1849-50-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் ஒரு வாலிஸ்னேரியாவையும் போட்டு, உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கெட்டபோது குளத்து நத்தைகளை விட்டு அதைச் சரிசெய்தார். 1999-ல் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட், தொட்டிக்கு அடியில் சாதாரணத் தோட்ட மண்ணைப் போடுங்கள், செடியே ஃபில்டர் என்று ஒரு புத்தகம் எழுதினார். நீர்ச்செடிகள் பெரும்பாலும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றன என்பது அவர் வாதத்தின் அச்சாணி. ஜப்பானின் தகாஷி அமானோ தொட்டியைக் காடாகவும் மலையாகவும் ஆக்கிக் காட்டினார். அவர் படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனாலும் அமானோவின் தொட்டியில் நோய் வந்த ஒரு மீனைப் பிடித்து வெளியே எடுப்பதை நினைத்தால் எனக்கு அழகு கொஞ்சம் குறைந்துவிடுகிறது. குஞ்சு எடுக்கிற வீட்டில் வளர்ந்தவனின் கோணல் பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வெறுந்தரைத் தொட்டியில் உப்புப் போட்டு வைத்தியம் பார்த்து, தண்ணீரை மாற்றி, சட்டிகளைத் திரும்ப அடுக்குகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அந்த வசதிக்கு நான் எந்தக் காட்டையும் விட்டுக்கொடுப்பேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. சேக்காட்டில் மரங்கள் கம்பிகள்மேல் விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றால் முதலில் போவது மீன். அப்பா அப்போது ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தொட்டிகள் என் பொறுப்பு, ஆனால் நெருக்கடியில் உத்தரவு அவருடையதுதான். பகலில் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை செடி பிராணவாயு விடும். இருட்டினால் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அதனால் பொழுது சாய்ந்ததும் சட்டிகளைத் தூக்கி வாளிகளில் வைத்தோம், விடிந்ததும் திரும்ப இறக்கினோம். ராத்திரியில் முறை வைத்து எழுந்து, ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். தீனி போடுவதை நிறுத்தினோம். பெரிய ஏஞ்சல்கள் சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, கடைசியில் போய்விட்டன. குஞ்சுத் தொட்டி மொத்தமும் தப்பியது. “மணல் போட்டிருந்தா அதுவும் நாறியிருக்கும்” என்றார் அப்பா, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஏதோ ஜெயித்தவர் மாதிரி.

2019-ல் வேறு மாதிரிச் சோதனை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. எங்கள் போர் மண்ணைக் கக்கியது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து மீன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதா? அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் குத்தியது. அந்தக் கோடையில் மீனைக் குறைத்தேன், சட்டிகளைக் கூட்டினேன். தொட்டியின் பாதித் தரையைச் சட்டிகள் அடைத்துக்கொண்டன. வேலம்பாசியைச் சட்டியில்லாமல் மேலே மிதக்க விட்டேன். மாற்றிக்கொண்டிருந்த தண்ணீரில் பாதிக்குமேல் மிச்சமாயிற்று. அழுக்கை உறிஞ்சிய தண்ணீரும் வீணாகவில்லை: தெளிந்தது திரும்பத் தொட்டிக்கு, சேறு சட்டிக்கு.

அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் வந்தது. எங்கள் தடத்தில்தான் வந்து, ஆவடியைத் தாண்டி வில்லிவாக்கத்தில் நின்றது. நான் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கிய அதே நிலையத்தில் குழாய் போட்டு, கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பா டிவியில் அதைப் பார்த்துவிட்டு, வேகன் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார். ஐம்பதாயிரம் லிட்டர். எங்கள் கூடத்துத் தொட்டி இருநூறு லிட்டர்கூட வராது. “ஒரு வேகன்ல எத்தனை தொட்டி ரொப்பலாம்?” என்று கேட்டுவிட்டு, அம்மா பார்த்த பார்வையில் சேனலை மாற்றினார்.

இப்போது நான் விற்பது மீனைவிடச் செடிதான் அதிகம். பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் செடிகள் பிளாஸ்டிக் வலைக் கிண்ணத்தில், பஞ்சு போன்ற ராக்வூலில் வேரோடு இருக்கும். பலவும் தண்ணீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்த்தவை. தொட்டியில் வைத்ததும் பழைய இலையெல்லாம் கரைந்து புது இலை வர நாளாகும். வாங்கினவர் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார். என் செடிகள் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்தவை, கடினநீருக்குப் பழகியவை. சட்டிகளைப் பொங்கல் சமயத்தில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். களிமண்ணை மட்டும் யாருக்கும் தருவதில்லை. பழைய மண்ணைக் காயவைத்து, சலித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன். ஆற்றுமணல் கிடைக்காத ஒரு வருடம் எம்-சாண்ட் போட்டுப் பார்த்தேன். எத்தனை தண்ணீரில் அலசினாலும் மாவாகக் கலங்குகிறது. வீடு இடிக்கிற இடங்களில் பழைய மணல் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

கொளத்தூரில் இப்போது கடையைப் பார்ப்பது அந்த அண்ணனின் மகன். போன முறை வாள்செடிகளைக் கொண்டுபோனபோது, “சட்டியோடயே குடுத்துடுங்கண்ணே. சும்மா தரையில வெச்சிருக்கேன், கஸ்டமர் பார்த்தா எடுத்துக்குவான்” என்றான்.

“சட்டிக்குத் தனியாப் பத்து ரூபா.”

“எங்கப்பா இருந்தா, குழாய்க்குச் சட்டி வேணாம்னு சொல்லியிருப்பாரு.”

“உங்கப்பா இருந்தா பதினஞ்சு கேட்டிருப்பேன்.”

எட்டு ரூபாய்க்கு முடித்தோம். கொட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், நாட்டுச் செடி கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்றான். அது அம்மாவுடையது, தூங்குகிறது, ஆடி கழித்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.